உடுக்கையின் இழுப்பு கேட்கிறதா? ஹெட்போன்களை ஒப்பிட்டு வாங்குவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர் காந்திபுரத்திலோ, ஈரோடு, திருப்பூர் கடைவீதிகளிலோ ஒரு கடைக்குள் சென்று ஹெட்போன் கேட்டால், கடைக்காரர் தம் போனில் தாளம் அதிரும் ஒரு பாட்டைப் போட்டு, ஒலியை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றி, நம் தலையில் மாட்டிவிடுவார். "பேஸ் எப்படி அடிக்குதுன்னு பாருங்க" என்பார். பேஸ் என்றால் தாழ்ந்த, அதிரும் ஒலி. அது அடிக்கத்தான் செய்யும். அடுத்த ஹெட்போனைச் சற்றுக் குறைந்த ஒலியில் மாட்டிக் கேட்டால் அது மங்கலாகத் தோன்றும். முதலாவதற்கே பணத்தைக் கொடுத்துவிட்டு வருவோம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். கொங்குப் பகுதிக் கிராமங்களில் உடுக்கடித்துக் கதைப்பாட்டுப் பாடும் பெரியவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவது என் வேலைகளில் ஒன்று. கடையில் அத்தனை கம்பீரமாகக் கேட்ட அந்த ஹெட்போனில், வீட்டுக்கு வந்து முதல் பதிவைப் போட்டதும் உடுக்கையின் ஒலி போர்வையைப் போலப் பாடுபவரின் குரல் மேல் விழுந்து மூடியது. ஓரிடத்தில் அவர் 'நாடு' என்றாரா 'மாடு' என்றாரா என்பதைக் கண்டுபிடிக்கப் பதினோரு முறை பின்னுக்கு இழுத்துக் கேட்டேன். பிறகு நண்பரிடமிருந்து இரவல் வாங்கிய, பெயர் பெறாத ஒரு பழைய ஹெட்போனில் அதே இடத்தைப் போட்டபோது 'நாடு' என்று முதல் முறையிலேயே தெளிவாகக் கேட்டது.

அந்த நாளிலிருந்து எந்த ஹெட்போனையும் ஒரு முறைப்படியே ஒப்பிட்டு வருகிறேன். அந்த முறையைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். இதில் மூன்றாம் படியை மட்டும் யாரும் தவிர்க்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி: எங்கே, எதற்கு, எவ்வளவு நேரம்

கடைக்குப் போவதற்கு முன்பே இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்போனின் வகையை நம் ஆசையைவிட நாம் அமர்ந்து கேட்கும் இடமே தீர்மானிக்கிறது.

பின்பக்கம் திறந்த அமைப்புள்ள ஹெட்போன்கள், அறைக்குள் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதைப் போன்ற விரிவைத் தருபவை. ஆனால் அவற்றில் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். நம் பாட்டும் அப்படியே வெளியே போகும். சோமனூரிலோ பல்லடத்திலோ விசைத்தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் இருப்பவர் அதை வாங்குவது வீண். அவருக்கு ஓவர் இயர் எனப்படும், காதை முழுவதும் சூழ்ந்து மூடும் வகை பொருந்தும். அல்லது காதுத் துளைக்குள் இறுக்கமாக அமரும் இயர்போன் பொருந்தும். காதின் மேல் அழுத்தி உட்காரும் ஆன் இயர் வகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது சத்தத்தையும் சரியாக அடைக்காது, ஒரு மணி நேரத்தில் காது மடலையும் நோகச் செய்துவிடும்.

நாள்தோறும் அவிநாசி சாலையில் பேருந்தில் போய் வருபவர்களுக்கு நாய்ஸ் கேன்சலிங் உண்மையிலேயே பயன் தரும். வெளிச்சத்தத்தை ஒரு மைக் வாங்கிக்கொள்ள, அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உண்டாக்கி, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும்படி செய்வதே அதன் வேலை. போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸ் 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் எஞ்சின் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் போனபோதுதான் இந்த வழியில் சிந்திக்கத் தொடங்கினார். விமானிகளுக்கான அவரது நிறுவனத்தின் ஹெட்செட் 1989-இல் விற்பனைக்கு வந்தது. இடைவிடாமல் ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த இரைச்சலை அடக்கப் பிறந்த நுட்பம் என்பதால், பேருந்து எஞ்சின், ஏசி, மின்விசிறி ஆகியவற்றின் ஓசையை அது நன்றாகக் குறைக்கும். தறியில் நாடா அடிபடும் 'தடக் தடக்' போன்ற திடீர் ஓசைகளிடம் அவ்வளவாகச் செல்லாது. "தறிச்சத்தம் கேட்காதுங்க" என்று யாராவது சொல்லி விற்றால், அந்தச் சத்தத்துக்குள்ளேயே மாட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: பெட்டியின் மேலுள்ள எண்களைப் படிப்பது

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற வரி ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் இருக்கும். அது மனிதக் காதின் எல்லையைச் சொல்கிறதே தவிர, அந்த எல்லைக்குள் எந்த இடத்தில் ஒலி தூக்கியிருக்கிறது, எந்த இடத்தில் அமுங்கியிருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அதே எண்ணைத் தாங்கிய இரண்டு ஹெட்போன்கள் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாட்டோடு ஒலிக்கலாம். உள்ளே அதிர்ந்து ஒலியை எழுப்பும் டிரைவரின் விட்டமும் அப்படியே: 50 மில்லிமீட்டர் டிரைவர் 40 மில்லிமீட்டரைவிடச் சிறந்தது என்று எந்த விதியும் இல்லை.

பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, ஓம் கணக்கில் குறிப்பிடப்படும் மின்தடை. இரண்டு, எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பதைக் காட்டும் உணர்திறன். மூன்று, எடை. போனில் நேரடியாகச் செருகிக் கேட்பவர்களுக்கு 32 ஓம் அளவில் உள்ளவை பொதுவாகச் சிக்கல் தராது. சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனை வாங்கினால், தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் போதிய சத்தம் கிடைப்பது அரிது. ஒரே பெயரில் வெவ்வேறு ஓம் வகைகள் விற்கப்படுவதும் உண்டு. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக வருகிறது. ஆன்லைனில் விலை குறைவாக இருக்கிறதே என்று அவசரமாக ஆர்டர் செய்யும்போது எந்த வகையைத் தேர்ந்திருக்கிறோம் என்று ஒருமுறை பாருங்கள்.

எந்தச் சுரம் தூக்கியிருக்கிறது, எது அமுங்கியிருக்கிறது என்று காட்டும் அலைவரிசை வரைபடம் கிடைத்தால் அதுவும் உதவும். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் செய்து 2013-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள், நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரைப் போல ஒலிக்கும் ஹெட்போனையே பெரும்பாலானோர் விரும்புகிறார்கள் என்று காட்டின. அதிலிருந்து உருவான ஹார்மன் வளைவோடுதான் இன்று பலரும் ஒரு ஹெட்போனை ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். அந்த வளைவிலிருந்து வெகுவாக விலகியவற்றைக் கழித்துக்கட்டி, பத்தை மூன்றாகச் சுருக்குவதற்கு வரைபடத்தைப் பயன்படுத்துங்கள். மூன்றில் ஒன்றைத் தேர்வதைக் காதுக்கு விடுங்கள்.

மூன்றாம் படி: ஒலியளவைச் சமன் செய்வது

கடைக்காரரின் முதல் ஹெட்போன் ஏன் நன்றாகக் கேட்டது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறைந்த ஒலியில் நம் காது தாழ்ந்த சுரங்களை மந்தமாகவே உணர்கிறது. ஒலி கூடக்கூட அவை நிரம்பி வருகின்றன. ஆகவே ஒரே ஹெட்போனையே இரண்டு ஒலியளவில் கேட்டாலும், கூடுதல் சத்தத்தில் கேட்டதுதான் செழுமையாகவும் தெளிவாகவும் இருந்ததாக நமக்குத் தோன்றும். ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் கணக்கில் ஓரிரண்டு வித்தியாசம் இருந்தால் போதும், அதைச் சத்தக் கூடுதல் என்று உணராமல் தரக் கூடுதல் என்றே மனம் எடுத்துக்கொள்ளும். ஒலியளவைச் சமன் செய்யாத ஒப்பீடு, தட்டுகள் ஒக்காத தராசில் மஞ்சள் நிறுப்பதற்குச் சமம்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கெட்டியான ஃபைல் அட்டை ஒன்றை ஹெட்போன் குஷனைவிடப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். அதன் நடுவில் சட்டைப்பையில் குத்தும் சிறு மைக்கின் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, மைக்கை அதில் பொருத்தி, ஓரத்தில் டேப் ஒட்டி இடைவெளியை அடையுங்கள். தனி மைக் இல்லையென்றால், போனின் அடிப்பக்க மைக் ஓட்டைக்கு நேராக வரும்படி அட்டையைப் பிடிக்கலாம். இப்படி அளக்கப்போகும் போனில் டெசிபல் காட்டும் செயலி ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். பாட்டு ஓடுவதற்கு வேறொரு போனோ கணினியோ இருக்கட்டும்.

இப்போது 'பிங்க் நாய்ஸ்' எனப்படும், மழை கொட்டுவது போன்ற சீரான ஓசையை ஓடவிட்டு, முதல் ஹெட்போனின் ஒரு பக்கத்தை அட்டையின் மேல் சுற்றிலும் இடைவெளியில்லாமல் வையுங்கள். செயலி காட்டும் எண்ணையும், பாட்டு ஓடும் போனின் ஒலியளவுப் படியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது ஹெட்போனை அதே இடத்தில் வைத்து, அதே எண் வரும்வரை ஒலியளவை மாற்றுங்கள். செயலி காட்டும் எண் உண்மையான டெசிபலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டுக்கும் ஒரே எண் வருவதுதான் முக்கியம்.

இதில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒலியளவு 15 படிகளாகவே இருப்பதால், ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே பெரிய தாவல் இருக்கும். நுணுக்கமாக ஏற்றி இறக்கும் வசதியுள்ள பாட்டுச் செயலியைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை தீரும். போனிலும் ஹெட்போன் செயலியிலும் உள்ள ஈக்வலைசர், சவுண்ட் எஃபெக்ட் எல்லாவற்றையும் தொடங்குவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள்.

காதுத் துளைக்குள் போகும் இயர்போன்களை அட்டையில் அளப்பது சரிவராது. அவற்றுக்கு, பக்கவாத்தியம் குறைந்த ஒரு பாட்டில் பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே தூரத்தில் நிற்பதாகத் தோன்றும்வரை ஒலியைச் சரிசெய்யுங்கள். பேஸை வைத்துச் சமன் செய்யக் கூடாது. நாம் கண்டுபிடிக்க வேண்டிய வித்தியாசமே அதில்தான் ஒளிந்திருக்கிறது.

நான்காம் படி: எதைப் போட்டு, எதைக் கேட்பது

நாம் நூறு முறையாவது கேட்ட பதிவுகளே இதற்கு ஏற்றவை. புதிய பாட்டு மனத்தைப் பாட்டின் பக்கம் இழுத்துவிடும். ஒலியின் நுண்ணிய வேறுபாட்டை நினைவு சில நொடிகளுக்கு மேல் தாங்காது என்பதால், பத்துப் பதினைந்து நொடித் துண்டு ஒன்றை எடுத்து, ஒன்றில் கேட்டவுடன் மற்றொன்றில் கேட்க வேண்டும். முழுப் பாட்டையும் ஒன்றில் கேட்டு முடித்து, தேநீர் குடித்துவிட்டு வந்து மற்றதைக் கேட்பது ஒப்பீடு ஆகாது.

என் பட்டியலில் முதலிடம் உடுக்கைக்குத்தான். இடுப்பு ஒடுங்கிய அந்த வாத்தியத்தின் நடுக்கயிற்றை விரல்கள் அழுத்த அழுத்தச் சுரம் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்த இழுப்பு ஒரு கோடு போலத் தொடர்ந்து கேட்டால், ஹெட்போன் தாழ்ந்த சுரங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிறது என்று பொருள். எல்லா அடியும் ஒரே 'டும்' ஆகக் கேட்டால், அது பேஸைக் கூட்டித் தருகிறதே தவிர அதன் உருவத்தைத் தரவில்லை. நல்ல ஹெட்போனில் தோலின் மேல் விரல் படும் சிறு உரசல்கூட அடிக்கு முன்னால் தனியாகக் கேட்கும்.

அடுத்து நாகசுரமும் தவிலும். தவிலின் தொப்பி எனப்படும் இடப்பக்கத்தில் குச்சி விழுவதும், வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள் விழுவதும் இரண்டு வேறு ஒலிகள். வேகமான இடத்திலும் அவை கலங்காமல் பிரிந்து கேட்க வேண்டும். நாகசுரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது காதைக் குத்துகிறதா என்று கவனியுங்கள். 3,000, 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கிறது. அந்த இடத்தைத் தூக்கி வைத்த ஹெட்போன் முதல் ஐந்து நிமிடம் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றி, அரை மணி நேரத்தில் களைப்பைத் தந்துவிடும்.

மூன்றாவது, பக்கவாத்தியமே இல்லாத வெறும் பேச்சு. வானொலிச் செய்தி போதும். 'ல', 'ள', 'ழ' மூன்றும் பிரிகின்றனவா? 'ஸ' வரும் இடங்களில் சீழ்க்கை அடிக்கிறதா? ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறதா? பேச்சை ஒழுங்காகத் தராத ஹெட்போனை, பாட்டு எவ்வளவு அதிர்ந்தாலும் நான் ஒதுக்கிவிடுவேன்.

இடம் பிரிந்து கேட்கிறதா என்பதற்கு, மேடைக் கச்சேரிப் பதிவு ஒன்றில் வயலின் எந்தப் பக்கம், மிருதங்கம் எந்தப் பக்கம், குரல் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: பேஸ் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், காதைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடியின் கால், காதோர முடி, பொருந்தாத ரப்பர் முனை ஆகிய எதுவும் தாழ்ந்த ஒலியை வெளியே கசியவிட்டுவிடும். இயர்போனோடு வரும் சிறிய, நடுத்தர, பெரிய ரப்பர் முனைகள் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். பலருக்கு இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறோர் அளவும் பொருந்துவது இயல்பு.

ஐந்தாம் படி: உடம்பு என்ன சொல்கிறது

சொகுசைக் கடையில் நின்றபடி சோதிக்க முடியாது. குறைந்தது ஒரு மணி நேரம், நாம் வழக்கமாக அமரும் நாற்காலியில், வழக்கமாக அணியும் கண்ணாடியோடு மாட்டியிருக்க வேண்டும். கழற்றியதும் மூன்று இடங்களைத் தொட்டுப் பாருங்கள்: உச்சந்தலை, காது மடலின் மேல் விளிம்பு, தாடை எலும்பு காதைச் சேரும் இடம். உச்சியில் வலித்தால் எடையோ வளையத்தின் குஷனோ காரணம். தாடையில் வலித்தால் இறுக்கம் காரணம். இறுக்கம் நாளடைவில் ஓரளவு தளரும். எடை குறையப்போவதில்லை. சோனி எம்டிஆர்-7506 ஏறக்குறைய 230 கிராம், ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ் 285 கிராம். இந்த ஐம்பத்தைந்து கிராம் வித்தியாசம் கையில் தூக்கினால் தெரியாது. மூன்றாவது மணி நேரத்தில் கழுத்துக்குத் தெரியும்.

நம் பகுதியின் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரை மாதத்தில் ஈரோட்டிலும் கரூரிலும் செயற்கைத் தோல் குஷனுக்குள் காது வேர்த்து ஊறிப்போகும். அந்தத் தோல் வேர்வை பட்டுப்பட்டு, ஓரிரு ஆண்டில் கறுப்புச் செதில்களாக உரிந்து காதிலும் கன்னத்திலும் ஒட்டும். துணி அல்லது வெல்வெட் போன்ற குஷன் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் வெளிச்சத்தத்தை அடைப்பதில் சற்றுக் குறையும், பேஸும் கொஞ்சம் இறங்கும். எனக்குக் காற்றோட்டமே பெரிதாகப் படுகிறது.

ஆறாம் படி: ஒயர் இல்லாதவற்றுக்குக் கூடுதலாக இரண்டு சோதனைகள்

ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளான எல்டிஏசி, ஏஏசி, எஸ்பிசி என்ற பெயர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உங்கள் போனும் ஹெட்போனும் ஒரே முறையை ஏற்கின்றனவா என்று பார்த்தால் போதும். அதைவிட, வீடியோவில் உதடும் குரலும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது சோதனை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வீசும் வேகம் நமக்குத் தெரியும். அந்தக் காற்று நாய்ஸ் கேன்சலிங் மைக்கின் மேல் பட்டால் காதுக்குள் 'புஸ்' என்ற இரைச்சலாக மாறும். எதிர்முனையில் இருப்பவருக்கு நம் பேச்சே கேட்காது. மொட்டைமாடியில் நின்று வீட்டாருக்கு ஒரு போன் போட்டு, "நான் பேசுறது கேக்குதுங்களா?" என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஏழாம் படி: கொடுக்கும் பணத்துக்கு ஈடு

விலையை, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதால் வகுத்துப் பாருங்கள். 1,500 ரூபாய் ஹெட்போன் ஓர் ஆண்டில் ஜாக் அருகே ஒயர் அறுந்து குப்பைக்குப் போனால், ஆண்டுச் செலவு 1,500. கழற்றி மாட்டும் ஒயரும் மாற்றக்கூடிய குஷனும் உள்ள 6,000 ரூபாய் ஹெட்போனை ஆறு ஆண்டு பயன்படுத்தி, இடையில் இருமுறை 800 ரூபாய்க்குக் குஷன் மாற்றினால் மொத்தம் 7,600. ஆண்டுக்கு 1,270 ரூபாய்க்கும் குறைவு. அந்த ஆறு ஆண்டும் நல்ல ஒலியில் கேட்டிருப்போம் என்பது கூடுதல் வரவு. சோனி எம்டிஆர்-7506 வந்தது 1991-இல், சென்ஹைசர் எச்டி 600 வந்தது 1997-இல். இரண்டுக்கும் இன்னமும் குஷன் கிடைக்கிறது. ஒயர் இல்லாத இயர்பட்ஸில் இந்தக் கணக்கு பலிக்காது. அதனுள் இருக்கும் சிறு பேட்டரி சில ஆண்டுகளில் தளரும். பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. அவற்றுக்குப் பெரிய தொகை போடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஜிஎஸ்டி எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். ஒயர் இல்லாத ஹெட்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம் என்பதால், பெட்டியில் உள்ள 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்க்கலாம். போலிகள் பெயரையும் பெட்டியையும் அச்சாக நகலெடுக்கின்றன. பதிவு எண்ணில் அகப்பட்டுக்கொள்வதுண்டு.

எட்டாம் படி: கேட்கும் அளவு

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட நெறி, பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபல் என்று எல்லை வைக்கிறது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்: 83 டெசிபலில் 20 மணி, 86-இல் 10 மணி. தறிக்கூடத்திலும் பனியன் கம்பெனியிலும் இயர்போன் மாட்டி வேலை செய்யும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். மெஷின் சத்தத்துக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காக அவர்கள் வைக்கும் ஒலியளவு இந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். போன காது திரும்பாது. ஆகவே சத்தத்தை நன்றாக அடைக்கும் தன்மையை ஒலித்தரத்தின் ஒரு பகுதியாகவே எண்ணி மதிப்பெண் போடுங்கள். வெளிச்சத்தம் குறைந்தால் பாட்டின் சத்தத்தையும் குறைத்து வைக்கலாம்.

கடைசியாக, திருப்பித் தரும் கெடு முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, தேர்ந்தெடுத்த ஹெட்போனையும் பழைய ஹெட்போனையும் அட்டையில் வைத்து மறுபடி சமன் செய்து, முதல் நாள் கேட்ட அதே பதினைந்து நொடியை மீண்டும் கேளுங்கள். நான் இந்த முறைப்படி வாங்கிய ஹெட்போனில், அந்தப் பெரியவர் 'நாடு' என்று சொல்வதற்கு முன் மூச்சு வாங்குவதும், அவர் மடியில் உடுக்கை நகரும்போது துணி உரசுவதும் கேட்டன. பெட்டியை அன்றுதான் பரணில் ஏற்றினேன்.